ஃபெண்டருக்குள் அடங்கும் ஃப்ளஷ்: ஒரு சிவிக் எஃப்டியின் ரிம் கணக்கு

வண்டி ஹோண்டா சிவிக் எஃப்டி, 1.8, மலாக்கா பெகோ தொழிற்சாலையில் தயாரானது. ஊர் கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஓட்டுபவர் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர். முறையீடு மூன்று. ஆள் ஏறினால் இடது பின் டயர் உரசுகிறது. 90-ஐத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டயர்களின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகத் தேய்கிறது.

"அண்ணே, ஃபெண்டர மட்டும் ரோல் பண்ணிக் குடுங்க, போதும்" என்றுதான் வண்டியைக் கொண்டுவந்தார். சக்கரத்துக்கு மேல் வளையும் தகரமான ஃபெண்டரின் உள்விளிம்பை மடித்துவிட்டால் உரசல் நிற்கும் என்று வேறொரு கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மடிப்பது அரை நாள் வேலை. ஆனால் எது எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் தகரத்தைத் தொடுவது எனக்குச் சம்மதமில்லை. மடித்த இடத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்தாலும் போதும், நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அங்கிருந்து துரு கிளம்பிவிடும்.

வண்டியில் இருந்தது என்ன

17 அங்குல ரிம், அகலம் 8 அங்குலம், ஆஃப்செட் ஈடி 30 (ரிம்மின் நடுக்கோட்டுக்கும், சக்கரத்தை மாட்டும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ. கணக்கில்; எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்). அதன்மேல் 205/40ஆர்17 டயர், அதாவது அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 விழுக்காடு, 17 அங்குல ரிம்முக்கு. கீழே ஹைலோ (உயரத்தைத் திருகி மாற்றும் சஸ்பென்ஷன்), கிட்டத்தட்ட கடைசி மரைவரை இறக்கியது. நின்றால் அழகாகத்தான் இருந்தது. டயரின் தலை ஃபெண்டருக்குள் சாய்ந்து, ரிம்மின் உதடு வெளியே பளபளத்தது. இதில் ஆசைப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளில் சக்கரம் உள்ளே பதுங்கி நிற்கும். அதை வெளியே கொண்டுவந்து ஃபெண்டரோடு ஒரே கோட்டில் நிறுத்தினால், அதாவது ஃப்ளஷ் ஆக்கினால், வண்டிக்கே ஒரு தோரணை வந்துவிடுகிறது. எனக்கும் அது பிடிக்கும்.

முதலில் சக்கரங்களைக் கழற்றி டயரைப் பார்த்தோம். இடது பின் டயரின் வெளித்தோளில், சுற்றுவட்டம் முழுக்க, கத்தியால் கீறிய மாதிரி ஒரே கோடு. இப்படி ஒற்றைக் கோடாக விழுந்தால் மேலே அசையாமல் நிற்கும் கூரான ஏதோ ஒன்று ஒரே புள்ளியில் கடிக்கிறது என்று பொருள். வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையான லைனர் உரசினால் தோள் அகலமாக மழுங்கி, மெழுகு தேய்த்தது போல மினுக்கும். இங்கே கடித்தது ஃபெண்டர் விளிம்பே இல்லை. பின் பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தில், வளைவுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூவும் அதைத் தாங்கும் தகரக் காதும்தான். ஃபெண்டரை முழுக்க மடித்திருந்தாலும் டயர் வெட்டுப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

வலது பின் டயரில் லேசான தடம் மட்டும். ஏன் இடது? நாம் ஓட்டுவது இடப்பக்கம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஏறி இறங்கித் தார் விளிம்பு உடைந்து கிடப்பதும் அந்தப் பக்கம்தான். எதிரே லோரி வந்தால் இடது சக்கரம்தான் செம்மண் ஓரத்தில் இறங்குகிறது. ஓரத்துக்கும் தாருக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் அது 'தொப்' என்று விழுந்து சஸ்பென்ஷன் முழுக்க அமுங்குகிறது. இடது முன் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. அதே ரிம்மின் உள்உதடு வளைந்திருந்தது. பள்ளத்தில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்த டயர் அது. இன்னொரு பெரிய அடியில் வெடிக்கக்கூடியது.

அடுத்து நட். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டுக்கு முகம் உருண்டை. வெளியில் வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. மரை இரண்டுக்கும் 12×1.5 என்பதால் தாராளமாக ஏறும். இறுக்கும்போது எதுவும் தெரியாது. ஆனால் உருண்டை முகம் கூம்புக் குழியில் மெல்லிய வளையமாக மட்டுமே ஒட்டும். அலுமினியம் நசுங்க நசுங்க இறுக்கம் குறைந்துகொண்டே போகும். இந்த வண்டியில் நான்கு சக்கரத்திலும் உருண்டை நட்தான் இருந்தது. உரசலைவிட எனக்கு அதிகம் பயம் கொடுத்தது இதுதான்.

நடுக்கத்துக்கும் விடை பக்கத்திலேயே இருந்தது. எஃப்டியின் ஹப் 64.1 மி.மீ. இந்த ரிம்மின் நடுத்துளை 73.1. இடையில் 9 மி.மீ. வெற்றிடம், அதை அடைக்கும் ஹப் வளையம் இல்லை. ரிம் எப்போது போட்டாலும் எங்கோ ஒரு மயிரிழை விலகித்தான் உட்காரும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் மெஷினில் சரியாக இருக்கும், வண்டியில் நடுங்கும்.

கணக்கு

ரிம்மின் அகலத்தைப் பாதியாக்கி, அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப்பில் ஒட்டும் முகத்திலிருந்து ரிம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கிடைக்கும். கழிப்பதற்குப் பதில் கூட்டினால் உள்பக்கத் தூரம். ஒரிஜினல் ரிம் 16×6.5, ஈடி 45. பாதி 82.55. வெளியே 37.5, உள்ளே 127.5. வண்டியில் இருந்த 17×8, ஈடி 30-க்கு வெளியே 71.6, உள்ளே 131.6. ஆக, ரிம் 34 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள்ளே 4 மி.மீ. போயிருக்கிறது. இந்த அளவு டயர் உட்காரும் இடங்களுக்கு இடையே எடுப்பது. அதற்கு அப்பால் இருபுறமும் உதடு சுமார் அரை அங்குலம் இருக்கும். இரண்டு ரிம்மிலும் அது இருப்பதால் ஒப்பிடும்போது அடிபட்டுப் போகும்.

இணையத்தில் கிடைக்கும் ஆஃப்செட் கால்குலேட்டர் இதைத்தான் சொல்லும், சரியாகத்தான் சொல்லும். ஆனால் ஃபெண்டரில் உரசுவது டயர், ரிம் அல்ல. ரிம் எவ்வளவு வெளியே வந்தது என்பது ஒரு எண். டயரின் வயிறு, அதாவது பக்கச்சுவரில் அதிகம் பிதுங்கும் இடம், எவ்வளவு வெளியே வந்தது என்பது வேறு எண். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

205/55ஆர்16 டயரை 6.5 ரிம்மில் போட்டால் அதன் உண்மையான அகலம் 205 அல்ல, சுமார் 214. பாதி 107. ஈடி 45-ஐக் கழித்தால் டயரின் வயிறு வெளியே 62-இல் நிற்கிறது. ரிம்மின் உதடு 50 பக்கம். அதாவது ஒரிஜினலில் ரிம்மைவிட டயர் 12 மி.மீ. வெளியே பிதுங்கி நின்று, கல்லிலும் கட்டையிலும் ரிம் அடிபடாமல் காக்கிறது. 205/40ஆர்17 டயர் 8 அங்குல ரிம்மில் சுமார் 217. பாதி 108.5, ஈடி 30 கழித்தால் 78.5. ரிம் உதடோ 84. இங்கே ரிம்தான் வெளியே, டயர் உள்ளே இழுபட்டிருக்கிறது. ரிம் 34 வெளியே போனபோது டயர் 16.5 தான் போயிருக்கிறது.

ஒரே டயர் வெவ்வேறு ரிம்மில் எவ்வளவு மாறும்? அரை அங்குலம் ரிம் கூடினால் டயர் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும். இந்த ஒரு விதி கையில் இருந்தால் கடையில் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இனி உயரம். 205/55ஆர்16 டயரின் விட்டம் 632 மி.மீ., 205/40ஆர்17-க்கு 596. கிட்டத்தட்ட 6 விழுக்காடு சிறியது. ஹைலோவை ஒரு மரைகூட இறக்காமல் டயரை மட்டும் மாற்றியிருந்தாலே வண்டியின் வயிறு 18 மி.மீ. கீழே போயிருக்கும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட அதிகம் காட்டும், மீட்டரில் ஓடிய தூரமும் பொய்யாக ஏறும். பக்கச்சுவர் உயரம் 113-இலிருந்து 82-க்கு வந்துவிட்டது. பள்ளத்தை வாங்கிக்கொள்ளக் காற்றுக்கு அவ்வளவு இடம்தான். பாரக் குறியீடு பழைய டயரில் 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. இதில் 84, அதாவது 500 கிலோ. குடும்பத்தோடு போகும் வண்டியில் தொழிற்சாலை கொடுத்ததைவிடக் குறைந்த பாரக் குறியீடு போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அளந்தது

பூட்டில் இருந்த ஸ்பேர் டயர் ஒரிஜினல் 16 ரிம்மோடு அப்படியே இருந்தது. அதே அளவில் மூன்று பழைய ரிம் கடையில் கிடந்தன. நான்கையும் மாட்டி, வண்டியை முதலில் ஒரிஜினல் சக்கரத்தில் நிறுத்தினோம். எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'எஃப்டிக்கு இதுதான் அளவு' என்று யாராவது சொன்னதை வைத்துத் தொடங்கினால், அவருடைய வண்டியின் ஃபெண்டரும் உங்களுடையதும் ஒன்று என்று நம்பிவிடுகிறீர்கள். ஒரு தடவை இடித்து நிமிர்த்திய ஃபெண்டராக இருந்தால் இடதுக்கும் வலதுக்குமே 4, 5 மி.மீ. மாறும்.

அதற்கு முன் உயரம். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளப்பதுதான் சரியான முறை. தரையிலிருந்து அளந்தால் டயர் அளவும் காற்றும் கணக்கைக் குழப்பும். இடது பின்னால் 305, வலது பின்னால் 310 இருந்தது. அதை 335-க்கு ஏற்றினோம். ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைத் திருகாமல், அப்சர்பரின் அடித்தண்டைத் திருகி நீளம் கூட்டி ஏற்றினோம். இந்த வகை ஹைலோவில் இது முக்கியம். நீளம் கூடினால் சக்கரம் மேலேறி முட்டும் எல்லையும் கூடவே இறங்கும். ஸ்பிரிங் தட்டை மட்டும் உயர்த்தினால் நிற்கும்போது உயரமாகத் தெரியும். பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் பழைய இடம்வரை ஏறித்தான் நிற்கும், உரசலும் அப்படியே இருக்கும்.

பிறகு ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். சக்கர நடுவின் உயரத்தில் நூலுக்கும் டயர் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி: முன்னால் 19, பின்னால் 14 மி.மீ. மேலே சொன்ன கணக்கை இதிலிருந்து கழித்தால் பழைய செட்டப் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். முன்னால் ரிம் உதடு ஃபெண்டரைவிட 3 மி.மீ. வெளியே, பின்னால் 8 மி.மீ. வெளியே. டயரும் பின்னால் 2 மி.மீ.க்கு மேல் வெளியே. சக்கரம் ஃபெண்டரைத் தாண்டி நின்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட்டில் நிறுத்தும். ஈர ரோட்டில் எறியும் கல்லும் சேறும் பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர் முகத்துக்குத்தான் போகும்.

இது நிற்கும்போது உள்ள நிலை. எனக்கு வேண்டியது அமுங்கும்போது உள்ள நிலை.

அதற்குப் பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும். பின் ஃபெண்டர் விளிம்பின் உட்புறம் மூன்று இடங்களில், பம்பர் ஸ்க்ரூவின் மேல் ஒரு இடத்தில், கட்டைவிரல் கனத்துக்கு உருட்டி ஒட்டினோம். பின் சீட்டில் மூன்று பேர், முன்னால் இரண்டு பேர், பூட்டில் அரிசி மூட்டைகள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது அந்த வீட்டு வண்டி இப்படித்தான் போகும் என்றார் அவர். ஆலைக்குப் போகும் செம்மண் பாதையில், அவர் தினமும் ஓட்டும் வேகத்தில், அவரே ஓட்டினார். முழுச் சுற்று ஸ்டியரிங் திருப்பி வளைந்தார், ஓரத்தில் இறங்கி ஏறினார்.

திரும்பி வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, நசுங்கிய களிமண்ணைப் பிளேடால் வெட்டி வெர்னியரில் அளந்தோம். ஃபெண்டர் விளிம்பில் மிச்சம் 15 மி.மீ. பம்பர் ஸ்க்ரூவில் மிச்சம் 13. டயரின் பூ அச்சு களிமண்ணில் தெளிவாகப் பதிந்திருந்தது. கடிக்கும் இடம் தோளின் எந்தப் பகுதி என்றுகூட அதில் தெரிந்தது. ஆக, இந்த வண்டியில், இந்தப் பாரத்தில், இந்த ரோட்டில், டயரின் தோள் வெளியே போகக்கூடிய உச்ச எல்லை 13 மி.மீ. அந்த ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டையான கிளிப் போட்டால் இன்னும் ஓரிரு மி.மீ. கிடைக்கும். பழைய செட்டப் 16.5 கேட்டது. 3.5 எங்கே போனது என்று டயரில் விழுந்த வெட்டே சொல்லிவிட்டது.

கேம்பரையும், அதாவது சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாயும் கோணத்தையும், இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஃப்டியின் பின்பக்கம் இரட்டைக் கைச் சஸ்பென்ஷன். வண்டி இறங்க இறங்கச் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். கடைசிவரை இறக்கியிருந்த நிலையில் 3 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தது, ஏற்றியபின் 1.5 பக்கம் வந்தது. ஒரு டிகிரிக்குச் சக்கரத்தின் தலை சுமார் 5.5 மி.மீ. நகரும். ஆக ஏற்றியதால் தலை 8 மி.மீ. வெளியே வந்துவிட்டது! 'ஏற்றினால் உரசாது' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுதான். அமுங்கும்போது மறுபடி உள்ளே சாய்ந்துகொள்வதால் பின்பக்கம் தப்பிக்கிறது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அப்சர்பரே சக்கரத்தைத் தாங்கி நிற்கும் வகை. அங்கே அமுங்கினாலும் சாய்வு அதிகம் மாறாது, எனவே முன்னால் இடைவெளி கூடுதலாகவே வேண்டும்.

உள்விளிம்புத் தேய்மானத்தை எல்லோரும் கேம்பர் தலையில் கட்டுகிறார்கள். இந்த வண்டியை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றியபோது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை திரும்பியிருக்கும் கோணம், வெளிப்பக்கம் விரிந்து கிடந்தது. உயரம் மாறினால் டோவும் மாறும். இறக்கியவர்கள் அதைத் திரும்பப் பார்க்கவே இல்லை. சாய்ந்த சக்கரம் நேராக உருண்டால் மெதுவாகத்தான் தேயும். கோணலாகவும் இழுபட்டால் உள்விளிம்பை அரம் போட்டு அராவுவது போல ஆகிவிடும்.

தேர்வு

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒரிஜினல் ரிம்மையே வைத்துக்கொண்டு ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே 15 மி.மீ. ஸ்பேசர் தட்டு போடுவது மலிவு. ஆனால் அந்தக் கனத்துக்கு நீளமான ஸ்டட் (நட் ஏறும் தண்டு) மாற்றியாக வேண்டும். நட் ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது, இங்கே 12 மி.மீ., மரையில் பிடிக்க வேண்டும். டயர் 15 மி.மீ. அப்படியே வெளியே போய் 13 என்ற எல்லையையும் தாண்டும். அதைத் தள்ளிவிட்டோம்.

அவர் மனம் 17×7.5, ஈடி 35-இல் இருந்தது. என் மனம் அதே அகலத்தில் ஈடி 40-இல். டயர் 215/45ஆர்17. விட்டம் 625, ஒரிஜினலைவிட ஒரு விழுக்காடுதான் குறைவு, ஸ்பீடோமீட்டர் நம்பும்படி இருக்கும். 7.5 ரிம்மில் இதன் அகலம் சுமார் 218, பாதி 109. ஈடி 40 என்றால் டயரின் வயிறு 69-இல், ஒரிஜினலைவிட 7 மி.மீ. தான் வெளியே. ரிம் உதடு 68 பக்கம். டயரும் ரிம்மும் ஏறக்குறைய ஒரே மட்டம்! பக்கவாட்டில் நின்று பார்க்கும் கண்ணுக்கு ரிம் 18 மி.மீ. வெளியே வந்த நிறைவு கிடைக்கிறது. ஃபெண்டருக்கோ டயர் 7 மட்டும் வந்த கணக்கு. பின்னால் டயருக்கும் நூலுக்கும் 7 மி.மீ., முன்னால் 12. உட்புறம் டயர் ஒரிஜினலைவிட 3 மி.மீ. ஸ்ட்ரட்டை விட்டு விலகியே நிற்கும்.

"அண்ணே, 35 போட்டா இன்னும் 5 மில்லி வெளிய வருமே. பின்னால நூலுக்கு 2 மில்லி. அதுதான அண்ணே ஃப்ளஷ்?"

"நிக்கும்போது ஃப்ளஷ்தான் தம்பி. அம்மா, தங்கச்சி எல்லாம் ஏறினப்புறம் ஸ்க்ரூகிட்ட மிச்சம் ஒரு மில்லி. ஒரு மில்லிய நம்பி அந்தப் பள்ளத்துல இறங்குவியா?"

அவர் களிமண் துண்டை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு பேச்சில்லை. எண்ணை நான் சொன்னால் அது என் கருத்து. அவர் ஓட்டிய ரோடு பதித்த அச்சாக இருந்தால் அது அவருடைய வண்டியின் பேச்சு. அதனால்தான் ஓட்டுபவரையே ஓட்டவைத்து அளக்கச் சொல்கிறேன்.

ஈடி குறைவதில் இன்னொரு விலையும் உண்டு. ரோட்டைத் தொடும் பகுதியின் நடுப்புள்ளி வெளியே போகப் போக, ஸ்டியரிங் அச்சிலிருந்து அதற்குள்ள தூரம் மாறுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் அடித்தால் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். லோரி சக்கரங்கள் அழுத்தி உண்டாக்கிய தடங்களில் வண்டி தானாக அலையும். ஹப் பேரிங்குக்கும் நெம்புகோல் நீளம் கூடுகிறது. ஈடி 30-இல் 15 மி.மீ. மாறியிருந்தது, இப்போது 5 மட்டும். பழைய செட்டப்பில் ஸ்டியரிங் 'கனமாக, முரடாக' இருக்கிறது என்று அவர் சொன்னதில் இதற்கும் பங்கு உண்டு.

225/45ஆர்17 போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். நல்ல டயர். ரிம்மைத் தாண்டி கொஞ்சம் பிதுங்கிக் காப்பாற்றும், பாரக் குறியீடும் சாதாரண வகையிலேயே 91 கிடைக்கும். ஆனால் தோள் இன்னும் 3.5 மி.மீ. வெளியே வரும், உயரமும் கூடும். இந்த வண்டிக்கு 215 போதும். அதில் ஒரு கவனம் வேண்டும்: 215/45ஆர்17 சாதாரண வகை 87 தான், 545 கிலோ. 91 வேண்டுமென்றால் எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் வகை) என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். எக்ஸ்எல் டயர் அதே பாரத்தைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். கதவோரத்து ஒட்டியில் உள்ள எண்ணைவிட 4 பிஎஸ்ஐ ஏற்றி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். பலர் எக்ஸ்எல் வாங்கிவிட்டுப் பழைய காற்றிலேயே ஓட்டுகிறார்கள். வாங்கிய பலனே அதில் போய்விடுகிறது.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு. முன்னால் இன்னும் இடம் இருந்தது உண்மைதான், ஈடி 35 முன்னால் போட்டிருக்கலாம். ஆனால் எஃப்டி முன்சக்கர இழுவை. முன் டயர்தான் வேகமாகத் தேயும். முன்பின் மாற்றிப் போட முடியாத ஒரு செட் தினமும் ஓடும் வண்டிக்கு ஒத்துவராது.

ரிம் பழசுதான், ஜப்பானிலிருந்து வந்தது. உள்ளே ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தரமுத்திரை இரண்டும் வார்ப்பிலேயே இருந்தன; அளவும் ஆஃப்செட்டும் ஆரக்காலின் பின்புறம் அச்சாகியிருந்தன. அழகுக்கு வார்த்த நகல் ரிம்மில் இந்த எழுத்துகள் இல்லாமல் போவதும், ஒட்டுத்தாளில் மட்டும் இருப்பதும் உண்டு. பணம் கொடுக்கும் முன் நான்கையும் பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மாகச் சுழலவிட்டு உள்உதட்டைப் பார்த்தோம். ஒன்று லேசாக ஆடியது. அதை மாற்றிக் கொடுக்கச் சொன்னோம், கொடுத்தார்கள்.

போட்டபின்

73.1-க்கு 64.1 அலுமினிய ஹப் வளையம் நான்கு. பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும், பிரேக் சூட்டில் அது நாளடைவில் உருக்குலையும் என்பதால் நான் வைப்பதில்லை. கூம்பு நட் முழு செட் புதிது. கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர். ஹோண்டா சொல்லும் அளவு அது. காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை ரிம் மாற்றக் கொடுப்பவர்கள் கட்டாயம் தடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று கேளுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப வந்து இறுக்கம் பார்த்தோம், இரண்டு நட் கொஞ்சம் ஏறியது.

பம்பர் ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டைக் கிளிப் மாட்டி, தகரக் காதை உள்ளே மடக்கினோம். ஃபெண்டரைத் தொடவே இல்லை. டோவை நேராக்கினோம்.

பிறகு அதே ஆட்கள், அதே அரிசி, அதே பாதை. கணக்குப்படி கிளிப்பின் இடத்தில் 7, 8 மி.மீ. மிஞ்ச வேண்டும். அளந்தால் 7. ஃபெண்டர் விளிம்பில் 8. முன்னால் முழுச்சுற்று வளைவில் லைனரில் மட்டும் ஒரு மெல்லிய தடவல் இருந்தது. தொங்கிய கிளிப் ஒன்றை மாற்றியதும் அதுவும் போய்விட்டது. 110-இல் ஸ்டியரிங் அசையவில்லை.

நிற்கும் அழகு? ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே மேலே ஒன்றரை விரல் இடைவெளி தெரிகிறது. முன்பு அரை விரல்தான். அவருடைய கூட்டாளிகள் 'ஏத்திட்டானே' என்றார்களாம். பக்கவாட்டில் ரிம்மும் டயரும் ஃபெண்டரும் ஒரே சீராக நிற்பதை அவரே பின்னால் தள்ளி நின்று போனில் எடுத்துக் கொண்டார்.

ஒரு வேலை பாக்கி. இடது பின் அப்சர்பரில் எண்ணெய் கசிவு தெரிகிறது. அடிபட்ட பக்கம்தானே. இரண்டு பின் அப்சர்பரையும் ஜோடியாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் வந்ததும் செய்வதாகச் சொன்னார். புதிது ஏறும்போது உயரம் மறுபடி மாறும், எனவே 335-க்குத் திருகி வைத்து, டோ பார்த்து, களிமண்ணை இன்னொரு முறை ஒட்டி ஓட்ட வேண்டும். அதுவரை பின் சீட்டில் மூன்று பேரோடு செம்மண் பாதையில் வேகம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.